மாட்டுக்கு ஒரு பை, கடலைக்காட்டுக்கு ஒரு பை

கருப்பி என்று நாங்கள் அழைக்கும் கலப்பினப் பசு, இரண்டாம் ஈற்றுக்குப் பிறகு கட்டுத்தறிக் கயிற்றை மெல்லத் தொடங்கியது. கயிற்றோடு நில்லாமல் தொழுவத்துச் சுவரின் சுண்ணாம்பை நக்குவதும், அவிழ்த்துவிட்டால் பழைய செருப்பு, எலும்புத் துண்டு என்று அகப்பட்டதையெல்லாம் வாயில் போட்டுக் குதப்புவதுமாக இருந்தது. பால் எட்டு லிட்டரைத் தாண்டவில்லை. கன்று ஈன்று ஐந்து மாதமாகியும் பருவத்துக்கு வரவில்லை. பெயருக்கேற்றபடி கன்னங்கரேலென்று இருந்த முதுகு செம்பட்டை பாய்ந்து, கண்ணைச் சுற்றி முடி வெளுத்து, மூக்குக் கண்ணாடி போட்டதுபோல் தெரிந்தது. தீனியில் நான் குறை வைக்கவில்லை. கோ 4 என்ற கம்பு நேப்பியர் தீவனப்புல் காட்டில் ஆள் உயரம் நின்றது. வைக்கோலும் கடலைப் புண்ணாக்கும் தவறாமல் வைத்துவந்தேன். பார்க்க வந்த கால்நடை மருத்துவர் தொழுவத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "தீனி நிறையப் போடறீங்க. தாது உப்பு போடறீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கழுநீரில் ஒரு கைப்பிடிக் கல்லுப்பு போடுவதைத்தான் கேட்கிறார் என்று எண்ணி நானும் ஆமாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மூன்று ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் இரண்டு பொருள்களைப் பற்றியது இந்த மதிப்புரை. ஒன்று, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தாது உப்புக் கலவை; எங்கள் பக்கம் தானுவாஸ் கலவை என்றால் தெரியும். மற்றொன்று, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் வினையியல் துறை உருவாக்கிய ‘நிலக்கடலை ரிச்’. மாட்டுத் தீவனத்தையும் பயிருக்குத் தெளிப்பதையும் ஒரே மதிப்புரையில் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. காட்டுக்கு நுண்ணூட்டம் போட்டாயிற்று, அந்தக் காட்டில் விளைந்ததைத்தான் மாடு தின்கிறது, பிறகு மாட்டுக்குத் தனியாக ஒரு பை எதற்கு என்று நானே இடையில் ஒரு வருடம் மிச்சம் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். இரண்டையும் காசு கொடுத்தே வாங்கினேன். விற்பவர்களோடு வேறு எந்தத் தொடர்பும் எனக்கு இல்லை.

தாது உப்புக் கலவையை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் வாங்குகிறேன். சாம்பலும் வெளிர்பழுப்புமாக மாவுபோல் இருக்கும். விரலிடையில் தேய்த்தால் நறநறப்பு இல்லை. ஒரு மாட்டுக்கு ஒரு நாள் செலவு டீக்கடையில் குடிக்கும் ஒரு டீயின் விலையைத் தாண்டாது. விலையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

எந்த நிறுவனத்துப் பையாக இருந்தாலும் அதன் மீது அச்சிட்டிருக்கும் அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள்வது, வாங்குகிறவருக்கு முதல் வேலை. மாட்டுத் தீவனத்துக்கான தாது உப்புக் கலவைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 1664 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. அதில் உப்பு சேர்ந்தது முதல் வகை, சேராதது இரண்டாம் வகை. உப்பு சேராத வகையில் குறைந்தது கால்சியம் 20 சதவீதம், பாஸ்பரஸ் 12 சதவீதம், துத்தநாகம் 0.8 சதவீதம், தாமிரம் 0.1 சதவீதம், கோபால்ட் 0.012 சதவீதம், அயோடின் 0.026 சதவீதம் இருக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் வரும் இந்த எண்களைப் பார்த்து, இவ்வளவு அற்பமாக இருப்பது என்ன செய்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். ஒரு நாளைக்கு 50 கிராம் கலவை வைத்தால் மாட்டுக்குப் போவது துத்தநாகம் 400 மில்லிகிராம், தாமிரம் 50 மில்லிகிராம், அயோடின் 13 மில்லிகிராம், கோபால்ட் 6 மில்லிகிராம். கறவை மாடு நாளொன்றுக்கு ஈரம் போக 10 கிலோ தீனி தின்கிறது என்று வைத்துக்கொண்டால், கிலோ தீனிக்கு 40 மில்லிகிராம் துத்தநாகம் கூடுகிறது. மாட்டின் உடம்பு கேட்பதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். கோபால்ட்டோ கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே போதும்.

நுண்தாதுக்களுக்கு 50 கிராம் போதும் என்று தெரிகிறதல்லவா? ஆனால் அதே 50 கிராமில் கால்சியம் 10 கிராம்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் பாலில் மட்டும் ஏறக்குறைய 1.2 கிராம் கால்சியம் வெளியேறுகிறது. எட்டு லிட்டர் கறக்கும் மாடு தினமும் ஒன்பதரை கிராமுக்கு மேல் மடி வழியாக இழக்கிறது. தின்னும் கால்சியத்தில் பாதிகூட உடம்பில் ஒட்டாது. போதாக்குறைக்குக் கம்பு நேப்பியர் வகைப் புல்லில் இருக்கும் ஆக்சலேட், கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் பால் கூடக் கூடக் கலவையின் அளவையும் கூட்டச் சொல்கிறார்கள்; தேசியப் பால்வள வாரியம் கறவை மாட்டுக்குப் பாலின் அளவைப் பொறுத்து 100 முதல் 200 கிராம் வரை சொல்கிறது. பையில் எழுதியிருக்கும் அளவை உங்கள் மாட்டின் கறவையோடு வைத்துப் பார்த்து மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. எல்லா மாட்டுக்கும் ஒரே கைப்பிடி என்பது நம் வசதிக்காக நாம் வைத்துக்கொண்ட அளவு.

வைக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு மாதம் நான் செய்த பிழை இதில்தான். கழுநீர்த் தொட்டியில் புண்ணாக்கு ஊறிய தண்ணீரோடு கலவையையும் கொட்டிக் கையால் ஒரு துழாவு துழாவிவிடுவேன். மாடு மடமடவென்று உறிஞ்சிவிட்டுத் தலையைத் தூக்கிவிடும். ஒருநாள் தொட்டியைக் கழுவச் சாய்த்தபோது அடியில் விரற்கடை உயரத்துக்குச் சேறுபோல் படிந்திருந்ததைப் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கியதெல்லாம் தொட்டியின் அடியில் கிடந்தது. தாது உப்பு தண்ணீரில் முழுக்கக் கரைகிற பொருளன்று. அதிலுள்ள கால்சியமும் பாஸ்பரஸும் கனத்துக் கீழே இறங்கிவிடும். இப்போது தவிட்டையும் புண்ணாக்கையும் லேசாக ஈரம் காட்டிப் பிசறி, அதில் கலவையைத் தூவிப் புரட்டி வைக்கிறேன். பிசறிய தீனியில் ஒட்டிக்கொள்வதால் துளி மிச்சமில்லாமல் நக்கிவிடுகிறது. உப்பு சேராத வகையாக இருந்தால் கல்லுப்பைத் தனியே போட மறக்கக் கூடாது. பையைத் திறந்ததும் மூடி இறுகிய டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும். ஐப்பசி அடைமழையில் வாய் திறந்து கிடந்த பை கட்டிதட்டிப் போகும். அயோடினும் ஈரத்தில் குறைந்துகொண்டே வரும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். கயிறு மெல்லுவது ஒரு மாதத்துக்குள் நின்றது. அது பெரும்பாலும் பாஸ்பரஸ் குறையால் வருவது என்று மருத்துவர் சொன்னார். அந்தக் குறை தீரத் தீர மாடு கண்டதைக் கடிப்பதை விட்டுவிடும். முடியின் நிறம் திரும்பத்தான் நாளாயிற்று. நான்கு மாதம் கழித்து முதுகில் முளைத்த புது முடி கருப்பாகவும், நுனியில் மிச்சமிருந்த பழைய முடி செம்பட்டையாகவும் இருந்தது. ஒரே முடியில் இரண்டு நிறத்தை அன்றுதான் பார்த்தேன். முடிக்குக் கருமை தரும் நிறமியை உண்டாக்கும் நொதிக்குத் தாமிரம் வேண்டும் என்பதால், தாமிரக் குறையைக் காட்டிக்கொடுப்பதில் முடி முந்திக்கொள்கிறது. மூன்றாம் மாதம் பருவத்துக்கு வந்து, இரண்டாவது ஊசியில் சினை நின்றது. இதை முழுக்கக் கலவையின் பெருமையாக எழுதினால் அது நேர்மையாகாது. அதே மாதத்தில் குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்திருந்தேன். கோடை போய் மழையும் பிடித்துவிட்டது. எது எவ்வளவு உதவியது என்று என் இரண்டு மாட்டுத் தொழுவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பால் எட்டிலிருந்து ஒன்பதரையானது அடுத்த ஈற்றில்தான். தாது உப்பு போட்ட மறுநாளே பால் ஏறும் என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

அப்படிச் சொல்லி விற்ற ஒருவரிடம் நானும் வாங்கியிருக்கிறேன். இடையில் ஒருமுறை நாமக்கல் வரை போகச் சோம்பி, பக்கத்து ஊர்ச் சந்தையில் ஒரு தீவனக் கடையில் பளபளப்பான பையில் ஐந்து கிலோ வாங்கினேன்; கடையின் பெயரோ கம்பெனியின் பெயரோ இங்கே வேண்டாம். பையில் மாட்டின் படம் பெரிதாக இருந்தது. ‘அனைத்து நுண்தாதுக்களும் அடங்கியது’ என்ற வரி இருந்தது. எது எத்தனை சதவீதம் என்ற அட்டவணை மட்டும் இல்லை. கையில் எடுத்தால் ஆற்றுமணல்போல் நறநறத்தது. ஒரு கரண்டி எடுத்து வினிகர் ஊற்றிப் பார்த்ததில் சோடாபோல் நுரைத்துப் பொங்கியது. நுரை அடங்கியதும் அடியில் மணல் நின்றது. பொங்குவது சுண்ணாம்புக்கல் மாவு. கால்சியத்துக்காக அதை ஓரளவு சேர்ப்பது வழக்கம்தான், தப்பில்லை. அதுவே முழுப் பையாக இருந்தால் வாங்கியது வெள்ளையடிக்கும் சரக்கு. மலிவான கலவைகளில் இன்னொரு அபாயம், பாஸ்பரஸுக்காக, சுத்திகரிக்காத ராக் பாஸ்பேட் என்ற பாறைப் பொடியைச் சேர்ப்பது. அதில் ஃபுளோரின் மிகுதி. நாள்பட நாள்படப் பல் தேய்ந்து, மூட்டு பருத்து, மாடு நொண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்போல் கிணற்றுத் தண்ணீரிலேயே ஃபுளோரைடு இருக்கும் இடங்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஐஎஸ் 1664 தரத்தில் ஃபுளோரினுக்கு உச்சவரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

இனி, இந்த மதிப்புரையில் யாரும் தாண்டிப் போகக் கூடாத ஒரு செய்தி. எங்கள் வீட்டில் மேச்சேரிச் செம்மறிகள் பதினொன்று இருக்கின்றன. கருப்பி தேறியதைப் பார்த்துவிட்டு என் அக்கா மகன், "ஏனுங்க மாமா, மாட்டுக்கு நல்லதுன்னா ஆட்டுக்கும் நல்லதுதானுங்களே? ஆளுக்கு ஒரு புடி போட்டுறட்டுங்களா?" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். நல்ல வேளையாக மருத்துவர் முதலிலேயே எச்சரித்திருந்தார். செம்மறி, தாமிரத்தை வெளியேற்றத் தெரியாத பிராணி. தின்னும் தாமிரத்தைக் கல்லீரலில் சேர்த்துக்கொண்டே போகும். மாடு தன் தீனியில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் தாமிரம் வரை தாங்கும் என்றால் செம்மறிக்கு 15 மில்லிகிராமே எல்லை. ஒரு செம்மறி ஒரு நாளைக்கு ஈரம் போகத் தின்பது ஒரு கிலோ. அதற்கு மாட்டுக் கலவையில் 20 கிராம் வைத்தால், 0.1 சதவீதக் கணக்கில் 20 மில்லிகிராம் தாமிரம் கலவையிலிருந்து மட்டுமே போய்விடும்; புல்லில் இருப்பது தனி. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு திடீரென்று ஒருநாள் சேர்த்துவைத்ததெல்லாம் இரத்தத்தில் இறங்கி, சிவப்பணுக்கள் உடைந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போய், ஆடு விழுந்துவிடும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது கடினம். வெள்ளாடு இவ்வளவு மென்மையானதன்று. எனினும் அதற்கும் மாட்டின் அளவில் வைக்கக் கூடாது. ஆட்டுக்கு என்று தனியே தயாரித்ததையோ, தாமிரம் சேராத நக்குக்கட்டியையோ கேட்டு வாங்குங்கள்.

மிச்சம் பிடித்த வருடத்தின் கதைக்கு வருகிறேன். கடலைக்காட்டுக்கும் புல்காட்டுக்கும் மண் பரிசோதனைப்படி துத்தநாகமும் இரும்பும் போட்டுப் பயிர் கரும்பச்சையாக நின்ற வருடம் அது. இந்தப் புல்லைத் தின்கிற மாட்டுக்கு என்ன குறை வரப்போகிறது என்று தாது உப்பை நிறுத்தினேன். ஏழெட்டு மாதத்தில் கிடேரியின் கண்ணைச் சுற்றி அதே வெளுப்பு வந்துவிட்டது.

பயிருக்கு வேண்டியதும் மாட்டுக்கு வேண்டியதும் ஒன்றில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. இரும்பு, துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, மாலிப்டினம் ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. போரான் இல்லாமல் பயிர் காய்க்காது. மாட்டுக்கு அதை யாரும் அளந்து கொடுப்பதில்லை. மறுபுறம், அயோடினோ செலினியமோ புல்லுக்குத் தேவையே இல்லை. மண்ணில் இருந்தால் உறிஞ்சிக்கொள்ளும், இல்லாவிட்டாலும் அதன்பாட்டுக்குச் செழிக்கும். கோபால்ட்டும் அப்படியே, பயறு வகைகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாவுக்குத்தான் அது வேண்டும். ஆகவே பச்சைப் பசேலென்ற புல் என்பது புல் நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பொதுவான தாதுக்களிலும் சிக்கல் உண்டு: புல்லில் மாலிப்டினமும் கந்தகமும் மிகுந்தால், மாட்டின் வயிற்றுக்குள்ளேயே அவை தாமிரத்தைக் கட்டிப்போட்டுவிடும். தாமிரம் உள்ளே போயிருக்கும், மாட்டுக்குக் கிடைத்திருக்காது.

இதை உலகம் கற்றுக்கொண்ட கதை சுவையானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்று ஓர் ஊர் உண்டு. ஐரோப்பாவிலுள்ள நாடு வேறு. அந்த ஊர்ப் பக்கத்துப் பசும்புல்வெளிகளில் மேய்ந்த மாடுகள், வயிறு நிறையத் தின்றும் எலும்பும் தோலுமாகி மடிந்தன. சோகை பிடித்திருந்ததால் இரும்புக் குறை என்று கருதி, லிமோனைட் என்ற இரும்புத் தாதுக் கல்லைப் பொடித்துக் கொடுத்தார்கள்; மாடுகள் தேறின. அதோடு விட்டிருந்தால் இரும்புதான் மருந்து என்று முடிந்திருக்கும். எரிக் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் கல்லிலிருந்து இரும்பை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் மாடுகள் தேறின. கல்லில் மாசாகக் கலந்திருந்த கோபால்ட்தான் வேலை செய்தது என்று 1935-இல் வெளியிட்டார்கள். அது ஏன் என்பதற்கு விடை கிடைக்க 1948 ஆயிற்று. அந்த ஆண்டு பிரித்தெடுக்கப்பட்ட பி12 வைட்டமினின் நடுவில் கோபால்ட் அணு உட்கார்ந்திருந்தது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டு அந்த வைட்டமினைச் செய்து மாட்டுக்குத் தருகின்றன. ஆகவே நாம் தூவும் கோபால்ட் முதலில் போய்ச் சேர்வது அந்த நுண்ணுயிர்களிடம்தான்.

நிலக்கடலை ரிச்சுக்கு வருவோம். எங்கள் காட்டில் மேட்டுப்பகுதி செம்மண். பள்ளப்பகுதி சுக்கான் மண், சுண்ணாம்பு நிறைந்தது. ஆடிப்பட்டத்துக் கடலையில் ஏக்கருக்கு 2 கிலோ வீதம், 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பூக்கும் பருவத்தில் ஒருமுறையும் காய் பிடிக்கும் பருவத்தில் ஒருமுறையும் தெளிக்க வேண்டும். பத்து லிட்டர் டேங்குக்கு 100 கிராம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். ஊட்டச்சத்துகளோடு வளர்ச்சி ஊக்கிகளும் சேர்ந்த கலவை இது என்பதால், இதை வெறும் நுண்ணூட்ட உரமாக எண்ணிவிடக் கூடாது. பூ உதிர்வது குறையும், காய் நிரம்பும், வறட்சியை ஓரளவு தாங்கும், மகசூல் 15 சதவீதம் வரை கூடும் என்பது பல்கலைக்கழகத்தின் கூற்று. தூள் சுலபமாகக் கரைகிறது, வடிகட்டித் தெளித்தால் நாசில் அடைப்பதில்லை. காலை வெயிலுக்கு முன்போ, சாயங்காலமோ தெளிப்பது உத்தமம்.

மேட்டுக்காட்டில் வேண்டுமென்றே இருபது சால் தெளிக்காமல் விட்டுவைத்தேன். பிடுங்கும்போது இரு பக்கமும் பத்துப் பத்துச் செடியை எண்ணியதில், தெளித்த பக்கம் ஒரு செடிக்கு மூன்று நான்கு காய் கூடுதலாக இருந்தது. பொக்குக் காய் கண்ணில் படும்படி குறைந்திருந்தது. ஒரு காட்டில் ஒரு பட்டத்தில் எண்ணியது இது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த பட்டத்துக்கும் வாங்க எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இதைத் தெளிப்பவர்கள் ஜிப்சத்தை விட்டுவிடக் கூடாது. நாற்பது, நாற்பத்தைந்தாம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டால்தான், மண்ணுக்குள் இறங்கிய விழுது தானே கால்சியத்தை உறிஞ்சிக் காயை நிரப்பும். இலையில் தெளிப்பது அந்த வேலையைச் செய்யாது. பருப்பைப் பிளந்தால் நடுவில் குழி விழுந்து பழுப்பேறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் போரான் குறை. அதற்கு ஜிப்சத்தோடு ஏக்கருக்கு 4 கிலோ வெங்காரம் (போரான் உள்ள போராக்ஸ்) சேர்ப்பார்கள். அதை ஐந்தாக்கி ஆறாக்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம். செம்மறிக்குத் தாமிரம்போல, பயிருக்குப் போரானில் போதுமானதுக்கும் மிகையானதுக்கும் இடைவெளி குறுகியது.

பள்ளக்காட்டின் கதை வேறு. அங்கே கடலையின் கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. மஞ்சள் கண்டால் யூரியா என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். நானும் ஒரு வருடம் அப்படிப் போட்டு ஏமாந்தேன். தழைச்சத்துக் குறை அடியிலை முதல் மஞ்சளாக்கும், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து அதைப் பெயர்த்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படிப் பெயர்க்க முடியாது. அதனால் குறை கொழுந்தில் முதலில் தெரியும். சுக்கான் மண்ணில் இரும்பு இல்லாமலில்லை, சுண்ணாம்பு அதைக் கரையவிடாது. எனவே மண்ணில் போடுவதைவிட இலையில் தெளிப்பதே பலன் தரும். 1 சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலைப் பத்து நாள் இடைவெளியில் தெளித்ததும் இலைகள் பச்சை கட்டின. அன்னபேதியை இளம்பச்சைப் படிகமாகப் பார்த்து வாங்க வேண்டும். பழுப்பேறியதை வாங்காதீர்கள், கரைத்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள். தேறிய செடியைப் பிடுங்கி ஒரு வேர்முடிச்சைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தின் சிவப்புக்கு உறவான, இரும்பைக் கொண்ட ஒரு பொருளின் நிறம் அது.

துத்தநாகத்துக்கு ஜிங்க் சல்பேட் வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன், ஏனென்றால் அதில் மலிவான மெக்னீசியம் சல்பேட்டைக் கலப்பது அல்லது அதையே ஜிங்க் என்று விற்பது நடக்கிறது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் டிஏபி உரத்தைக் கரைத்துத் தெளியவிடுங்கள். இன்னொன்றில் வாங்கிய ஜிங்க்கைக் கரையுங்கள். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால், உண்மையான ஜிங்க் சல்பேட்டாக இருந்தால் பால் திரிவதுபோல் கெட்டியான வெள்ளைத் திரிதிரியாகப் படியும். மெக்னீசியமாக இருந்தால் அப்படித் திரியாது. மக்காச்சோளத்துக்கென்று ஒரு கடையில் வாங்கிய பத்து கிலோவை நான் இப்படிச் சமையலறைத் திண்ணையில் ஊற்றிப் பார்த்தபோது தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, என் மனைவி "டம்ளரையாவது திருப்பிக் கொடுப்பாங்களா?" என்று கேட்டாள். கடைக்காரர் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டார், பணத்துக்குப் பதில் வேறு உரம் கொடுத்தார். டம்ளரில் திரிந்தது காட்டிலும் திரியும் என்பதால், ஜிங்க் சல்பேட்டை டிஏபியோடு சேர்த்துப் போடக் கூடாது என்பதும் இதே சோதனையில் விளங்கும். நெல் வைப்பவர்கள் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தனியாகத் தூவுவது அதனால்தான். மூட்டையில் 21 சதவீதம் என்றும் 33 சதவீதம் என்றும் இரண்டு வகை வரும். விலையை ஒப்பிடும்போது மூட்டைக்கு மூட்டை பார்க்காமல், உள்ளிருக்கும் துத்தநாகத்தின் கிலோவுக்குப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் மண்வள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பன்னிரண்டு இனங்களைப் பரிசோதித்துத் தருகிறார்கள். அவற்றில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய ஐந்து நுண்ணூட்டங்களும் உண்டு. எங்கள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனித்தனியாக மண் எடுத்துக் கொடுத்ததால்தான் இரண்டும் வேறு வேறு நோயாளிகள் என்று தெரிந்தது. ஆனால் அந்த அட்டையை எத்தனை முறை புரட்டினாலும் கோபால்ட், அயோடின், செலினியம் ஆகியவற்றைப் பார்க்க முடியாது; அது பயிருக்காக எழுதப்பட்ட அட்டை. தொழுவத்துக் கணக்கை அதை வைத்து முடித்துக்கொண்டதுதான் நான் செய்த தவறு.

இந்த ஆடிப்பட்டத்துக்கு மேட்டுக்காட்டுக்கான நிலக்கடலை ரிச்சை வாங்கி வைத்துவிட்டேன். பள்ளத்தில் கடலையை நிறுத்திவிட்டுத் தீவனச் சோளம் விதைக்கப் போகிறோம். ஆட்டுக்குத் தனி டப்பா, மாட்டுக்குத் தனி டப்பா. அக்கா மகன் மாட்டு டப்பாவின் மூடியில் சிவப்புப் பெயிண்டால் ‘ஆடு இல்லை’ என்று எழுதியிருக்கிறான். கருப்பியின் கட்டுத்தறிக் கயிறு போன பொங்கலுக்குப் போட்டது, இன்னும் அதேதான் இருக்கிறது.